தண்ணீர் தேர்ந்தெடுக்கும் துணை

பினாங்குத் தீவின் மலைகள் கருங்கல் மலைகள். சுண்ணாம்புப் பாறை இல்லாத அந்தச் சரிவுகளில் ஓடிவரும் நீரில் கரைந்த உப்புகள் குறைவு. ஆயர் ஈத்தாம் அணையில் தேங்குவது அத்தகைய மென்னீர்தான். மாநிலத்தின் குடிநீரில் பெரும்பங்கைத் தரும் மூடா ஆற்றின் நீரும் கடினநீர் அல்ல. வெப்பமோ ஆண்டு முழுவதும் 27, 28 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. அமேசான் கிளையாறுகளில் வாழும் டிஸ்கஸ் மீனுக்கு வேண்டியவை ஏறக்குறைய இவைதான். குளிர்நாடுகளில் ஹீட்டரும் சுத்திகரித்த நீரும் வைத்துப் பாடுபட்டு வளர்க்கும் அந்த மீனைப் பினாங்கு வளர்ப்பாளர்கள் கொட்டகைகளில் வரிசை வரிசையாகத் தொட்டி வைத்துப் பெருக்கினார்கள்.

சாதாரண டிஸ்கஸின் உடலில் 9 நெடுங்கோடுகள் இருக்கும். 1990களின் தொடக்கத்தில் பினாங்கிலிருந்து வெளிவந்த ‘ஸ்நேக்ஸ்கின்’ வகையில் 14 கோடுகள், உடல் முழுதும் பாம்புத்தோல் போன்ற நுண்ணிய வேலைப்பாடு. ‘பினாங்கு எரப்ஷன்’ என்ற வகைக்கு இந்த ஊரின் பெயரே வணிகப் பெயராகிவிட்டது. வண்ணமீன் உலகில் பினாங்கின் பெயர் நிலைத்ததற்கு டிஸ்கஸே முதற்காரணம்.

ஆனால் ஜார்ஜ்டவுன் மீன் கடைகளில் டிஸ்கஸ் தனியாக விற்கப்படுவதில்லை. அடுத்த தொட்டியில் ஆப்பிரிக்க ஏரி மீன்கள் நீலமும் மஞ்சளுமாக மின்னும். அதற்கடுத்து ஆஸ்கார் குஞ்சுகள், பிளட் பேரட், நெற்றி புடைத்த ஃபிளவர்ஹார்ன். எல்லாமே சிக்லிட் குடும்பம். வாங்க வருகிறவர் முதலில் நிறத்தைப் பார்க்கிறார், பிறகு விலை எத்தனை வெள்ளி என்று கேட்கிறார், பணம் கொடுக்கும்போது கடைக்காரரிடம், “தவுக்கே, ரெண்டையும் ஒண்ணாப் போடலாமா?” என்கிறார். இந்த வரிசை தலைகீழாக வேண்டும். எந்த நீரிலிருந்து வந்த மீன், வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும், எவ்வளவு இடத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும் என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் நிறம்.

சிக்லிட் என்ற பெயர் புதிதாகத் தோன்றினாலும் குடும்பம் நமக்குப் பழக்கமானதுதான். தமிழ்நாட்டில் ஜிலேபி என்று வறுத்துச் சாப்பிடும் திலாப்பியா ஒரு சிக்லிட். பினாங்கின் பத்து மாவுங்கில் தலைமையகம் வைத்திருக்கும் வேர்ல்ட்ஃபிஷ் நிறுவனம் இதே திலாப்பியாவைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வேகமாக வளரும் ‘கிஃப்ட்’ வகையை உலகுக்குத் தந்தது. குளத்தில் ஆண் திலாப்பியா மண்ணைத் தோண்டிக் குழி அமைத்துக் காவல் நிற்பதைப் பார்த்தவர்கள் உண்டு. வீட்டுத் தொட்டியில் நடக்கும் சண்டைகளுக்கு வேர் அந்தக் குழியில்தான் இருக்கிறது.

பெயரிடப்பட்ட சிக்லிட் இனங்கள் 1,700க்கும் மேல். அவற்றுக்குப் பொதுவான ஒரு குணம், முட்டையையும் குஞ்சையும் காப்பது. பெரும்பாலான மீன்கள் முட்டையைத் தூவிவிட்டுப் போய்விடும், சிக்லிட் போகாது. சிலது பாறையைத் துடைத்து முட்டை ஒட்டிக் காவல் இருக்கும், சிலது வாய்க்குள் வைத்து அடைகாக்கும். காக்க வேண்டியது இருப்பதால் காக்கும் இடமும் வேண்டும். இடம் வேண்டுமென்றால் மற்றவர்களை விரட்ட வேண்டும். ஏரியில் துரத்தப்பட்ட மீன் நான்கு மீட்டர் தள்ளிப் போய் மூச்சு வாங்கும். நான்கடித் தொட்டியில் அது எங்கே போகும்? கண்ணாடியில் முட்டிக்கொண்டு நிற்கும். அடி அங்கேதான் விழும். சிக்லிட்டைக் கெட்ட குணமுள்ள மீன் என்று சொல்வது நியாயமே இல்லை.

அதோடு இவை அக்கம்பக்கத்தை அடையாளம் வைத்துக்கொள்ளும் மீன்கள். 2007இல் நேச்சர் இதழில் குரோசெனிக், கிளெமென்ட், ஃபெர்னால்ட் ஆகியோர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆப்பிரிக்க சிக்லிட் ஒன்றைச் சும்மா வேடிக்கை பார்க்க வைத்தார்கள். ஐந்து ஆண் மீன்கள் இரண்டிரண்டாக மோதின: முதலாவது இரண்டாவதை வென்றது, இரண்டாவது மூன்றாவதை, இப்படியே ஐந்தாவது வரை. பிறகு ஒருபோதும் நேரில் மோதாத இரண்டாவதையும் நான்காவதையும் காட்டினார்கள். வேடிக்கை பார்த்த மீன் நான்காவதன் பக்கமே அதிகம் ஒதுங்கியது. பார்த்த சண்டைகளிலிருந்து பார்க்காத சண்டையின் முடிவை அது கணித்திருந்தது. 2015இல் ஜப்பானின் கோடா குழுவினர், ஆப்பிரிக்காவின் டாங்கானிக்கா ஏரியின் நியோலாம்ப்ரொலோகஸ் புல்கர் என்ற சின்ன மீன் பக்கத்து வீட்டு மீனை முகத்தின் கோலத்தை வைத்து அரை நொடிக்குள் அடையாளம் காண்கிறது என்று காட்டினார்கள். தெரிந்த முகமென்றால் அது அமைதியாக இருக்கிறது. அந்நிய முகமென்றால் கண்ணெடுக்காமல் காவல் காக்கிறது.

தொட்டி வைத்திருப்பவருக்கு இந்த ஆய்வுகளால் ஒரு நேரடிப் பயன் உண்டு. ஆறு மாதம் ஒழுங்காக இருந்த தொட்டியில் ஒரே ஒரு புது மீனை விட்டதும் எல்லாம் குழம்புகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே யார் பெரியவர், எந்தக் கல் யாருடையது என்பது ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயம். புதியவருக்கு அங்கே கல் கிடையாது. அதனால் அனுபவமுள்ளவர்கள் புது மீனை விடும் நாளில் கற்களையெல்லாம் எடுத்து வேறு மாதிரி அடுக்குகிறார்கள். பழையவருக்கும் புதியவருக்கும் அன்று எல்லா இடமும் புது இடமாகிவிடும். விளக்கை அணைத்துவிட்டு, ஒன்றாக விடாமல் மூன்று நான்கு மீன்களைச் சேர்த்து விட்டால் அடி ஒருவர் மேலேயே விழாமல் பகிர்ந்துபோகும். இதற்கெல்லாம் முன்னால், வாங்கிய மீனைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் வைத்து நோய் இல்லை என்று பார்த்துவிடுவது நல்லது. டிஸ்கஸ் வைத்திருப்பவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது.

இனி டிஸ்கஸின் துணைகள். முதல் துணை இன்னொரு டிஸ்கஸ்தான், அதுவும் ஐந்து ஆறாக. இரண்டு மட்டும் இருந்தால் வலியது மெலிந்ததைச் சாப்பிடவே விடாது. ஆறாக இருந்தால் அதட்டல் பரவலாகி யாரும் பட்டினி கிடப்பதில்லை. வளர்ந்த டிஸ்கஸ் ஒரு சாண் அளவு வரும். ஆறுக்கு நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி வேண்டும். அதில் ஏறக்குறைய 240 லிட்டர் நீர் பிடிக்கும், அதாவது நீர் மட்டுமே 240 கிலோ. அடுக்குமாடி வீட்டில் வைப்பவர்கள் சுவரை ஒட்டி, எடை தாங்கும் மேசைமேல் வைக்க வேண்டும்.

அடுத்த அளவுகோல் வெப்பம். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி பிடிக்கும். பல மீன்கள் அந்தச் சூட்டில் நாளடைவில் வாடிப்போகும். எங்கும் மலிவாகக் கிடைக்கும் நியான் டெட்ராவுக்கு அது அதிகம். அதே அழகோடு, ரியோ நெக்ரோ ஆற்றின் வெதுவெதுப்பில் வாழ்ந்து பழகிய கார்டினல் டெட்ரா தாங்கும். மூக்குச் சிவந்த ரம்மிநோஸ் டெட்ரா தாங்கும். தரையைக் கிளறும் கோரிடோராஸ் கெளுத்திகளில் ஸ்டெர்பாய் வகை தாங்கும். சிறிய சிக்லிட்டே துணையாக வேண்டுமென்றால் ஓரினோக்கோ படுகையின் ராம் இருக்கிறது. ஐந்தாறு சென்டிமீட்டர்தான், சூடும் மென்னீரும் அதற்கும் பிடித்தவை, தரைப்பக்கம் சிறு வட்டத்தை மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்ளும். இவை எல்லாம் சேர்ந்த தொட்டிக்குப் பினாங்கில் குளோரின் நீக்கிய குழாய்நீரே பெரும்பாலும் போதும்.

ஏஞ்சல் மீன் பற்றித்தான் எப்போதும் வாதம். அதுவும் அமேசான் மீன், அதே உடல்வாகு, பார்த்தால் டிஸ்கஸின் தங்கை மாதிரி. ஆனால் ஏஞ்சல் விரைந்து தின்னும். டிஸ்கஸ் நிதானமாக யோசித்து யோசித்துத் தின்னும். ஒரே தொட்டியில் உணவு விழுந்தால் யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏஞ்சல் ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் மற்ற எல்லாரையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிடும். நோயின் அறிகுறி காட்டாமலே டிஸ்கஸுக்கு நோயைக் கடத்தவும் கூடும். ஏஞ்சலுக்குத் தனித்தொட்டி கொடுப்பதே சரி. அந்தத் தொட்டியில் சின்ன நியான் டெட்ராக்களைப் போடுவதும் வீண்செலவு. வளர்ந்த ஏஞ்சலின் வாயில் அவை அடங்கிவிடும்.

ஏஞ்சல் மீனைக் கொண்டு பிரேசிலில் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு தடவை பாதித் தண்ணீரை மாற்றிய தொட்டிகளில் சண்டை கூடியது. கால்பங்கு மட்டும் மாற்றியவற்றில் பாதிப்பு குறைந்தது. மீன்கள் தங்களுக்குள் மேல்கீழ் நிலையைக் கண்ணால் மட்டும் அல்ல, நீரில் கரைந்த வாசனையாலும் அறிகின்றன. நிறைய நீரை ஒரேயடியாக மாற்றினால் அந்தச் செய்தி அழிந்து, பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவி முழுத் தண்ணீரையும் மாற்றிவிட்டு, திங்கட்கிழமை துடுப்பு கிழிந்த மீனைப் பார்த்து வருந்துகிறவர்களுக்கு இது உதவும். அடிக்கடி மாற்றலாம், கொஞ்சம் கொஞ்சமாக.

ஆப்பிரிக்க ஏரிகளின் கதை முற்றிலும் வேறு. மலாவி ஏரி நீரும் டாங்கானிக்கா ஏரி நீரும் கடினமானவை, காரத்தன்மை உள்ளவை. மலாவியில் அமில-கார அளவு ஏறக்குறைய 8. டாங்கானிக்காவில் 9ஐத் தொடும். டிஸ்கஸுக்கோ 6 முதல் 7 வரை இதமானது. இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்தால் தினமும் யாராவது ஒருவர் அவதிப்பட வேண்டும். அழகுக்காக நீல மலாவி மீனையும் சிவப்பு டிஸ்கஸையும் சேர்த்து விற்கும் கடையில் எதையும் வாங்காமல் வந்துவிடலாம். மலாவி மீன் வேண்டுமென்று முடிவு செய்தவர் பினாங்கு நீரில் பவழ மணலையோ உடைத்த பவழத்தையோ வடிகட்டியில் இட்டுக் கடினத்தைக் கூட்ட வேண்டும். அந்த மீன்களுக்கு 24 முதல் 27 டிகிரி போதும். நம் சூட்டில் நீரில் பிராணவாயு குறையும், மீனின் வேகமும் சீற்றமும் கூடும். காற்றுக்குழாயை இரவும் பகலும் ஓட விடுவதும், நீர்மட்டத்தின் மேல் சின்ன மின்விசிறி வைப்பதும் உதவும்.

மலாவியின் பாறை மீன்களை ம்புனா என்கிறார்கள். அவற்றில் ‘யெல்லோ லேப்’ எனப்படும் மஞ்சள் மீன் சாது. அதே மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட ஆராட்டஸ் குஞ்சு பக்கத்திலேயே இருக்கும், அதே விலைக்கு. வளர்ந்ததும் ஆண் ஆராட்டஸ் கறுத்து, தொட்டியையே தன்னுடையதாக்கிக்கொள்ளும். மற்ற மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகும். ஆரம்பநிலையில் இருப்பவர் ஆராட்டஸைத் தொடவே கூடாது.

ம்புனாவைப் பொறுத்தவரை கூட்டமாக வைப்பதே மருந்து. நான்கடித் தொட்டியில் ஆறு மீன் இருந்தால் ஒன்று மற்றொன்றைக் குறிவைத்துக் கொல்லும். அதே தொட்டியில் நல்ல வடிகட்டியோடு இருபது இருந்தால் யாரைத் துரத்துவது என்றே தெரியாமல் போகும். ஓர் ஆணுக்கு மூன்று பெண்ணாவது வேண்டும். ஒரே நிறமுள்ள இரு வேறு இன ஆண்களைச் சேர்க்கக் கூடாது. நிறம் ஒத்தவனைத்தான் அவை எதிரியாக நினைக்கின்றன. ம்புனாக்கள் பாறையில் படரும் பாசியை மேய்பவை. பீகாக் எனப்படும் மணல்பக்கத்து மலாவி மீன்களோ சிறு பூச்சிகளைப் பிடித்துத் தின்பவை, குணத்தில் மென்மையானவை. இரண்டையும் கலந்தால் பீகாக் நிறம் மங்கி ஒடுங்கும். அதற்காகப் போடும் புரத உணவைத் தின்று ம்புனா வயிறு வீங்கும்.

நிறம் சிக்லிட்டுகளுக்கு உறவின் அடையாளமும்கூட. விக்டோரியா ஏரியில் நீர் கலங்கிய பகுதிகளில் பெண் மீன்களுக்கு ஆணின் நிறம் சரியாகத் தெரியாமல் இனங்கள் கலந்துபோனதை ஒலே சீஹவுசன் குழுவினர் 1997இல் எழுதினார்கள். வீட்டுத் தொட்டியிலும் நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைத்தால் கலப்புக் குஞ்சுகள் வரும். அவற்றை நல்ல இனமென்று பிறருக்குக் கொடுப்பது அந்த மீனுக்குச் செய்யும் கேடு.

இரண்டடித் தொட்டிதான் வைக்க முடியும் என்பவர்களுக்கு டாங்கானிக்காவில் ஓர் அற்புதம் இருக்கிறது. நியோலாம்ப்ரொலோகஸ் மல்டிஃபாசியாட்டஸ் என்ற மீன் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாது. ஏரியடியில் கிடக்கும் நத்தையோடுகளுக்குள் குடியிருக்கும். மணலும் பத்துப் பதினைந்து ஓடுகளும் போட்டால் ஒரு கிராமமே உருவாகும். இதற்குத் துணை எதுவும் தேவையில்லை; அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் போதும். பெரிய டாங்கானிக்கா தொட்டியில் சைனோடான்டிஸ் கெளுத்தியைச் சேர்ப்பது வழக்கம். அதில் மல்ட்டிபங்க்டாட்டஸ் என்ற புள்ளிக் கெளுத்தியை வாங்கும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: வாயில் அடைகாக்கும் சிக்லிட்டின் முட்டைகளுக்கிடையே தன் முட்டையைச் சேர்த்துவிடும், அந்தக் கெளுத்திக் குஞ்சு முதலில் பொரிந்து, வளர்ப்புத் தாயின் வாய்க்குள்ளேயே அவளுடைய குஞ்சுகளைத் தின்னும்.

மலேசியாவின் சொந்தப் படைப்பு ஃபிளவர்ஹார்ன். 1990களின் பிற்பகுதியில் மத்திய அமெரிக்க சிக்லிட்டுகளைக் கலந்து இங்கே உருவாக்கினார்கள். லுவோஹான் என்ற பெயரில் புடைத்த நெற்றியும் உடலில் எழுத்துப் போன்ற கறுப்புக் குறிகளும் அதிர்ஷ்டம் என்று பரவி, 2000களின் தொடக்கத்தில் வெறியாகவே மாறியது. அதற்கு எந்தத் துணை பொருந்தும் என்ற கேள்விக்கு நேர்மையான பதில், எதுவும் இல்லை என்பதுதான். ஓர் அடி வளரும், தன் இணையையே கொல்லக்கூடியது. பிளட் பேரட்டைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. 1980களில் தைவானில் உருவான அந்தக் கலப்பு மீனின் வாய் சரியாக மூடாது. திருப்பிக் கடிக்க முடியாத மீனை அடிக்கிறவனோடு பூட்டுவது கொடுமை. பிளட் பேரட்டை வெள்ளிக்காசு போன்ற சில்வர் டாலர் கூட்டத்தோடும் சாதுவான செவெரமோடும் ஐந்தடித் தொட்டியில் வைத்தால் அது நன்றாக வாழும்.

ஃபிளவர்ஹார்னின் மூதாதையரில் ஒன்றாகச் சொல்லப்படும் மைடாஸ் சிக்லிட்டை அமெரிக்காவின் ரொனால்ட் ஓல்ட்ஃபீல்ட் 2011இல் ஆராய்ந்தார். வீடுகளில் வழக்கமாக வைக்கும் சிறிய தொட்டிகளில் குஞ்சுகள் கடுமையாக மோதின. பெரிய, மறைவிடம் நிறைந்த தொட்டியில் மோதல் குறைந்தது. இடத்தையும் கல்லையும் கூட்டாமல் துணையை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு அந்த ஆய்வில் விடை இருக்கிறது.

ஃபிளவர்ஹார்ன் வெறி அடங்கிய பிறகு அந்த மீன்கள் எங்கே போயின என்பதை மலேசிய, சிங்கப்பூர் ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் தூண்டில் போடுகிறவர்கள் அறிவார்கள். தொட்டியில் அடங்காத ஃபிளவர்ஹார்னையும் ஆஸ்காரையும் ஆற்றில் விட்டால் உள்ளூர் மீனுக்குத்தான் கேடு. கடையில் ஆஸ்கார் குஞ்சு விரல் நீளம். வளர்ந்தால் 30 சென்டிமீட்டருக்கும் மேல். வாங்கும்போதே, பெரிதானால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மாட்டேன் என்றால் வேறு மீன் பார்க்கலாம்.

தமிழர் வீட்டில் வைக்கத் தமிழர் கடற்கரையின் சிக்லிட்டுகளே இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. தெற்காசியாவுக்கு உரிய சிக்லிட்டுகள் மூன்று மட்டுமே. ஒன்று கர்நாடகத்தின் சில ஆறுகளில் மட்டும் உள்ளது. மற்ற இரண்டும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிமுகங்களில் சேர்ந்தே வாழ்பவை: கேரளம் 2010இல் மாநில மீனாக அறிவித்த கரிமீனும், அங்கே பள்ளத்தி என்று அழைக்கப்படும் ஆரஞ்சு நிறச் சின்ன மீனும். பழவேற்காடு ஏரியிலும் கரிமீன் உண்டு. மனிதர் கொண்டுவந்து விட்டதால் சிங்கப்பூர் உவர்நீர்களிலும் அது இன்று தானாகவே பெருகுகிறது.

1972இல் வைமன், வார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த இரு மீன்களின் உறவைப் பதிவு செய்தார்கள். இளம் பள்ளத்திகள் கரிமீனின் உடலிலும் துடுப்பிலும் ஒட்டிய ஒட்டுண்ணிகளைக் கொத்திச் சுத்தம் செய்கின்றன. கரிமீன் அசையாமல் நின்று இடம் கொடுக்கிறது. பள்ளத்திக் குஞ்சுகள் தாய் தந்தையின் தோலில் சுரக்கும் சளியைக் கொத்தித் தின்கின்றன. டிஸ்கஸ் குஞ்சுகள் வளர்வதும் அப்படித்தான். அமேசானுக்கும் கேரளக் காயலுக்கும் இடையே கடல்கள் கிடந்தாலும் குடும்பப் பழக்கம் ஒன்றாக இருக்கிறது.

கரிமீனுக்கும் பள்ளத்திக்கும் பினாங்கின் மென்னீர் போதாது. கடல்மீன் தொட்டிக்கு விற்கும் உப்பைக் கொஞ்சம் கரைத்து நீரை இலேசாக உவர்ப்பாக்க வேண்டும். அந்த நீரில் மோலி மீன்களும் மகிழ்ச்சியாக இருக்கும். பள்ளத்தி எட்டு சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடுவதால் ஆறேழுக்கு மூன்றடித் தொட்டி போதும். கரிமீன் ஒரு சாணுக்கு மேல் வளரும் என்பதால் அதையும் சேர்க்க நினைப்பவர் நான்கடிக்குக் குறையாமல் வாங்க வேண்டும். கரிமீன் ஜோடி முட்டையிட்டால் அன்றே பள்ளத்திகளை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும், ஏனென்றால் உடலைச் சுத்தம் செய்யும் அதே மீன் முட்டையையும் குஞ்சையும் தின்னும்.